குழி தோண்டும் குழு

ஒரு நாடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது; அது எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தோண்டுவதைக் காட்டிலும் உயர்ந்த செயல் ஒன்று உண்டென்றால், அது எதைக் கொண்டு தோண்டுவது என்று தேர்ந்தெடுப்பது. அந்த உயர்ந்த செயலுக்குத் தம் ஓய்வுக்காலம் முழுவதையும் அர்ப்பணித்தவர், விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகும் சாலையில், முந்திரித் தோப்பை ஒட்டி நிலமும் வீடும் வைத்திருக்கும் திரு. கலியமூர்த்தி அவர்கள்.

கலியமூர்த்தி லேசுப்பட்ட ஆள் இல்லை. பீங்கான் தொழிற்பேட்டையில், டீக்கோப்பையும் பியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்கிற ஒரு கம்பெனியில் 'கொள்முதல் பிரிவு'க்கு மேனேஜராக இருந்தவர். மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்காமல் அவர் ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை. ஒரு தடவை சூளையிலிருந்து அவசரமாகக் கையுறை கேட்டபோது, "ஒப்பீட்டு அட்டவணை முடிகிற வரைக்கும் சூளையைச் சூடாகாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதி அனுப்பியதாகச் சொல்வார்கள். அவருடைய பிரிவு உபசார விழாவில் கம்பெனியே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அந்த அன்பில் அவர் கண்கலங்கிவிட்டார்.

ஓய்வு பெற்றதும் டவுனில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நிலத்துக்கே குடிபோகலாம் என்றார். அவர் மனைவி சொர்ணாம்பாள் எல்லாவற்றுக்கும் சம்மதித்து, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க கக்கூஸ் இல்லீங்க. அத மட்டும் கட்டிடுங்க. இந்த வயசுல தோப்புப் பக்கம் ஒதுங்க என்னால ஆவாது."

"இவ்வளவுதானா? ராஜாத்திக்குக் கட்டற மாதிரி கட்டித் தரேன்" என்றார்.

சொன்னபடியே கட்டினார். அதில் குறை சொல்ல முடியாது. சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ், கதவில் மயில் படம், நடுவில் வெஸ்டர்ன் கிளாசெட். பீங்கான் சமாச்சாரத்தில் மட்டும் அவருக்கு விலைப்புள்ளி தேவைப்படவில்லை. விரலால் சுண்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். கிளாசெட்டைச் சுண்டினார், அது வெண்கல மணி மாதிரி ஒலித்தது, வாங்கிவிட்டார். கொத்தனார் சாமிக்கண்ணு அதைப் பதித்து, பூசி, துடைத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி, சிமெண்ட் உறை இறக்கி, அங்கே வரைக்கும் பைப்பு புதைத்தால் முடிந்தது.

"நாளைக்கு ரெண்டு ஆளக் கூட்டியாந்து குழிய வெட்டிடறங்க" என்றார் சாமிக்கண்ணு.

"எதுல வெட்டுவீங்க?"

"மம்பட்டி, கடப்பாரதாங்க. வேற எதுல வெட்டறது?"

கலியமூர்த்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, இந்த மனுஷர் இன்னும் கடப்பாரையோடு நிற்கிறாரே என்று அவருக்கு மனம் கசிந்தது.

"இந்தக் குழி மட்டும் இல்லய்யா. வேலிக்குக் கல்லு நடணும், தென்னம்புள்ள வைக்கணும், சொட்டுநீர்ப் பைப்பு பொதைக்கணும். சின்னச் சின்ன வேலதான், ஆனா எல்லாம் தோண்டற வேல. ஒவ்வொண்ணுக்கும் ஆள் தேடி அலைய முடியுமா? நல்லதா ஒரு மெஷின் வாங்கிட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல."

"மொதல்ல இந்தக் குழிய வெட்டிடுங்க, அப்புறம் நிதானமா மெஷின் பாருங்களேன்" என்றாள் சொர்ணாம்பாள்.

"இத கையால வெட்டிட்டா மெஷினுக்கு வேல கொறஞ்சிபூடும் சொர்ணம். அப்புறம் மெஷின் வாங்கறதுக்கு நியாயமே இல்லாம போயிடும்."

இந்த வாதத்துக்கு மறுமொழி எங்கே இருக்கிறது? சாமிக்கண்ணுவும் தேடிப் பார்க்கவில்லை. "மெஷினு வந்தா சொல்லுங்க, நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் மங்களூர் கிராமத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

முக்கியமான காரியத்தைத் தனி மனிதன் தீர்மானிப்பது சர்வாதிகாரம். ஆகவே கலியமூர்த்தி ஒரு குழு அமைத்தார். தலைவர் அவர்தான். தொழில்நுட்ப ஆலோசகர், அவருடைய அண்ணன் மகன் கோகுலகிருஷ்ணன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன், செருப்பு வாங்குவதானாலும் நட்சத்திரக் குறி பார்த்துத்தான் வாங்குவான். விவசாயப் பிரதிநிதி, பக்கத்து நிலத்து நடராசன். வியாபாரத் தரப்பில் 'பார்வையாளர்', டவுனில் பண்ணை மெஷின் கடை வைத்திருக்கும் பாண்டியன். எதை வாங்குவது என்று முடிவு செய்யும் குழுவில் விற்கிறவனே இருக்கலாமா என்று நடராசன் ஒரு சந்தேகம் கிளப்பினார். பாண்டியன் எல்லோருக்கும் முந்திரி பக்கோடா வாங்கி வந்திருந்ததால் அந்தச் சந்தேகம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

"நானும் இதுல இருக்கலாமா?" என்று கேட்டாள் சொர்ணாம்பாள்.

"இது டெக்னிக்கல் கமிட்டிம்மா."

"அந்தக் குழி எனக்குத்தானங்க?"

"அதனாலதான் சொல்றேன். பயனாளி கமிட்டில இருந்தா பாரபட்சம்னு பேசுவாங்க."

ஆனாலும் பெண்களுக்கு இடம் கொடுக்காத குழு என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதே. அவளைச் 'சிறப்பு அழைப்பாளர்' ஆக்கினார். டீ வேண்டும்போதெல்லாம் அவள் சிறப்பாக அழைக்கப்பட்டாள்.

கூட்டம் நடத்த இடம் தேடியபோது, வெயிலுக்கு வீட்டிலேயே குளுகுளுவென்று இருந்தது அந்தப் புது டைல்ஸ் அறைதான். யாரும் பயன்படுத்தாததால் சுத்தத்துக்கும் குறைவில்லை. உறுப்பினர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, தலைவர் கிளாசெட்டின் மூடியைச் சாத்தி அதன்மேல் அமர்ந்தார். அங்கே உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு கம்பீரம் வந்ததைப் பாண்டியனே பாராட்டினான்.

கோகுலகிருஷ்ணன் வாட்ஸப்பில் ஒரு குழுவும் தொடங்கினான். அவசரத்தில் அவனுடைய விரல் தடுமாறியதால் முதல் அறிவிப்பு இப்படி வந்தது: "நாளை மாலை குழி கூடும். உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் குழியில் கலந்துகொள்ளவும்." அதற்கு நடராசன் கைகூப்பி வணக்கம் போட்டிருந்தார்.

முதலில் வந்தது பொக்லைன். தோப்பு வரப்பை நசுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, "எங்கங்க தோண்டணும்?" என்றார் டிரைவர்.

சொர்ணாம்பாள் வீட்டின் பின்பக்கத்தைக் கைகாட்டினாள். கலியமூர்த்தி பதறி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அங்க தொடக் கூடாது! இது டெமோ. டெமோவ வேற எடத்துலதான் எடுக்கணும்."

"டெமோவுக்கு எப்படியும் ஒரு குழி எடுக்கப் போறாங்க. அத அங்கயே எடுக்கச் சொன்னா ஆச்சில்ல?" என்றாள் அவள்.

கோகுலகிருஷ்ணன் தன் சித்தப்பாவைப் பார்த்தான். கொள்முதல் பிரிவில் பழுத்த அனுபவம் அப்போதுதான் கைகொடுத்தது.

"வெல முடிவு பண்றதுக்கு முந்தி ஒரு மெஷின்கிட்ட அசல் வேலய வாங்கிட்டா, மத்த மெஷினுக்கெல்லாம் அநியாயம் பண்ணின மாதிரி ஆவாதா? எல்லா மெஷினுக்கும் சம வாய்ப்பு குடுக்கணும்."

மெஷின்களுக்கு இப்படி ஒரு நீதிமான் கிடைப்பது அரிது. பொக்லைன் பலா மரத்துப் பக்கம் போய் இரண்டு தடவை கையை வீசியது. அங்கே ஒரு குட்டை பிறந்தது. 'சிறு வேலைகளுக்கு மிகை' என்று குழு தீர்ப்பளித்தது.

அடுத்தது, பெட்ரோலில் ஓடும் கையடக்கக் குழி மெஷின். பெரிய திருகாணி மாதிரி இருக்கும். இரண்டு கையால் பிடித்து அழுத்தினால் மண்ணுக்குள் இறங்கும். தென்னம்பிள்ளைக்கும் வேலிக்கல்லுக்கும் இதுதான் லாயக்கு என்றான் பாண்டியன். செம்மண்ணில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒல்லியாக, ஆழமாக, அழகான குழிகள். உற்சாகத்தில் கிணற்று மேட்டிலிருந்து தோப்பு வரைக்கும் வரிசையாகத் துளைத்துக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் அடியில் சரளைக்கல் தட்டியது. திருகாணி அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகக் கோகுலகிருஷ்ணன் சுற்றினான்.

"சித்தப்பா, டார்க்கு, அதான் முறுக்கு விசை, அதிகம்" என்றான், தரையில் மல்லாந்தபடி. குழு அதைத் தொழில்நுட்ப ஆலோசனையாகப் பதிவு செய்துகொண்டது.

அந்தக் குழிகளில் தென்னம்பிள்ளையாவது வைத்தார்களா என்றால், இல்லை. அவை 'மாதிரிக் குழிகள்'. மாதிரிக் குழியில் அசல் கன்றை வைக்கும் வழக்கம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

பைப்பு புதைக்க நீளமாகப் பள்ளம் பறிக்கும் சங்கிலி மெஷின் ஒன்றும் வந்தது. நேர்கோட்டில் அபாரமாக ஓடியது. நிறுத்துகிற பித்தான் எதுவென்று யாருக்கும் தெரியாததால் எல்லையைத் தாண்டி நடராசன் நிலத்துக்குள் புகுந்து, அவருடைய சொட்டுநீர்ப் பைப்பைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டு நின்றது. நடராசன் அந்த மெஷினுக்கு எதிராகத் தம் 'மாறுபட்ட கருத்தை'த் தெரிவித்தார். அதை அச்சில் ஏற்ற முடியாது.

இப்படியாக நிலமெங்கும் பல வடிவத்தில், பல ஆழத்தில் குழிகள் பெருகின. வீட்டின் பின்பக்கம் மட்டும், தேர்வு செய்யப்படப் போகும் மெஷினுக்காகக் கன்னி கழியாமல் காத்திருந்தது.

அந்த நாட்களில் சொர்ணாம்பாள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது குழுவின் வரம்புக்குள் வராது. ஆனாலும் சொல்லிவிடுவோம். விடியும் முன்பே எழுந்து, கையில் டார்ச்சும் சொம்புமாக, நடராசன் மனைவி அன்புக்கரசியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு முந்திரித் தோப்புக்குப் போவாள். பகலில் அவசரம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்குக் காத்திருப்பாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். வயிற்று எரிச்சல் வந்து, டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டியபோது, "நல்லா தண்ணி குடிங்கம்மா" என்றார். அவள் சிரித்துவிட்டாள். டாக்டருக்குக் காரணம் புரியவில்லை.

இதற்கிடையே அவர்கள் மகள் கயல்விழி, வளைகாப்பு முடிந்து, நல்லூரில் புகுந்த வீட்டிலிருந்து பிரசவத்துக்காக வந்து சேர்ந்தாள். தலைச்சன். கலியமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குப் பிடிக்கும் என்று பலாச்சுளையும் கொய்யாவும் வாங்கிக் குவித்தார். புது டைல்ஸ் அறையைத் திறந்து காட்டினார்.

"சூப்பரா இருக்குதுப்பா. தண்ணி ஊத்தினா எங்க போவும்?"

"அதான் கண்ணு, கமிட்டி பாத்துக்கிட்டு இருக்குது."

வந்த மறுநாளிலிருந்தே அவளும் அம்மாவோடு டார்ச் வெளிச்சத்தில் நடந்தாள். ஏழு மாதம் தாண்டிய வயிறு. இரண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். ஒருநாள் விடியலில், பலா மரத்துப் பக்கம் பொக்லைன் எடுத்த பள்ளத்தின் ஓரம் ஈரத்தில் சரிந்தது. கயல்விழியின் கால் வழுக்கியது. சொர்ணாம்பாள் டார்ச்சையும் சொம்பையும் விட்டெறிந்துவிட்டு மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தாள். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் முழங்கை மட்டும் உரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அன்றைக்கே கயல்விழி பையை எடுத்து வைத்தாள்.

"ஒங்க மேல கோவம் இல்லப்பா" என்றாள், காரில் ஏறும்போது. "குழி வெட்டினதும் ஒரு போன் போடுங்க. வந்துடறேன்."

கார் சாலையில் திரும்பி மறையும் வரைக்கும் கலியமூர்த்தி கேட்டருகே நின்றார். பெற்ற பெண் தாய்வீட்டில் தங்க முடியாமல் திரும்பிப் போகிறாள். உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்குள் ஒரு வேகம் பிறந்தது. அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினார். கயல்விழி திரும்பிப் போனதற்கு 'ஆழ்ந்த வருத்தம்' தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. தேர்வை விரைவுபடுத்த ஒரு 'விரைவுக் குழு' அமைக்கப்பட்டது. அதில் யார் யார் என்றால், அதே நான்கு பேர்தான்.

அன்றைக்குச் சிறப்பு அழைப்பாளரை எத்தனை தடவை அழைத்தும் டீ வரவில்லை.

விரைவுக் குழு விரைவாகக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறியது. அங்கே ஒரு பண்ணைக் கண்காட்சியில்தான் அந்தக் 'குட்டி பொக்லைனை'ப் பார்த்தார்கள். ஒரு மாட்டு வண்டியைவிடச் சின்னது. நாசூக்காகக் கையை நீட்டி, பல் டாக்டர் மாதிரி மண்ணைப் பிடுங்கி எடுத்து வைத்தது. கலியமூர்த்தி அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். கண்ணில் நீர் துளிர்த்தது. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி நெகிழ்ந்ததில்லை.

"இதயே முடிச்சிடலாம்யா" என்றார்.

"முடிச்சிடலாங்கய்யா. ஆனா தீபாவளிக்கு அப்புறம் புது மாடல் வருதாம். அதுல குடை வச்சிருக்கான்" என்றான் பாண்டியன்.

குடை வைத்த மாடல் வரப் போகிறது என்று தெரிந்த பிறகு, குடை இல்லாததை எந்த மடையன் வாங்குவான்? திரும்பி வந்துவிட்டார்கள்.

வந்ததுமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழிகளில் தண்ணீர் நின்றது, சுற்றிலும் புல் முளைத்து வாயை மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடராசன் வீட்டு பிரியாணியோடு குழு கூடி, குடையின் நிறம் பற்றி விவாதித்தது. பிரியாணியில் என்ன கோளாறோ, மறுநாள் விடியலில் கலியமூர்த்திக்கு வயிற்றைக் கலக்கியது. டார்ச்சைத் தேடக்கூட அவகாசம் இல்லை. தோப்பைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனவருடைய வலது கால், கையடக்க மெஷின் துளைத்த ஒல்லிக் குழி ஒன்றில், தையற்காரர் அளவெடுத்துத் தைத்தது போலத் தொடை வரைக்கும் இறங்கியது. உடம்பு முன்னால் போயிற்று, கால் போகவில்லை. உள்ளே 'மளுக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

"சொர்ணம்! சொர்ணம்!"

தோப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சொர்ணாம்பாளும் அன்புக்கரசியும்தான் வந்து பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு அக்குளாகப் பிடித்து முள்ளங்கி பிடுங்குவது போல அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். வந்த காரியம் குழிக்குள்ளேயே முடிந்துபோயிருந்ததை இருவரும் கவனிக்காதது போல இருந்துவிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலி ஒரு பக்கம்; அதைவிட அந்த இரண்டு பெண்களின் மரியாதை அவரைக் கொன்றது.

டவுன் ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர்.

"ஐயா, வூட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குதுங்களா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இருக்குது."

"அப்ப ஒங்களுக்குக் கவலையே இல்லீங்க."

கலியமூர்த்தி சொர்ணாம்பாளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த பிறகுதான் நிலைமை முழுசாக விளங்கியது. தோப்புக்கு நடக்க முடியாது. தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் பெட்பேனோடு போராடினார். சொர்ணாம்பாள் முகம் சுளிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, கை கழுவி, சோறு போட்டாள். இரண்டாம் நாள் காலையில் அவரால் தாங்க முடியவில்லை.

"சாமிக்கண்ணுக்குப் போன் போடு! ஒடனே வரச் சொல்லு!"

மங்களூர் வேலை எப்போதோ முடிந்து சும்மா இருந்த சாமிக்கண்ணு, இரண்டு ஆட்களோடு வந்து கட்டில் அருகே நின்றார். சுற்றுமுற்றும் ஆவலோடு பார்த்தார்.

"மெஷினு எங்கங்க?"

"மெஷினும் இல்ல ஒண்ணும் இல்ல."

"எதுல வெட்டறதுங்க அப்ப?"

"எதுலயாவது வெட்டுய்யா! மம்பட்டில வெட்டு, கடப்பாரைல வெட்டு, கரண்டில வேணாலும் வெட்டு! சாயங்காலத்துக்குள்ள எனக்குக் குழி வேணும்!"

உலகத்து மெஷின்களையெல்லாம் நிறுத்துப் பார்த்த அந்த வாயிலிருந்து 'கரண்டி' என்ற சொல் வந்ததைக் கேட்டுச் சாமிக்கண்ணு சற்று மிரண்டுபோனார். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

மழையில் ஊறிய மண் கேட்ட மாதிரியெல்லாம் கொடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆள் உயரம் இறங்கிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு உறை இறக்கினார்கள். டீ குடித்துவிட்டுப் பைப்பைப் புதைத்து மூடினார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே சாமிக்கண்ணு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். அது 'கடகட'வென்று போன சத்தம், கட்டிலில் படுத்திருந்த கலியமூர்த்தி வரைக்கும் கேட்டது.

சொர்ணாம்பாள் அறை வாசலில் நின்று, தண்ணீர் போன இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"முடிஞ்சிதுல்ல சொர்ணம்?" என்றார்.

"முடிஞ்சிது. ஒரே நாளு."

"ஆமா... ஒரே நாளுதான்."

"நான் நடந்தேன். வவுத்துப் புள்ளையோட அவ நடந்தா. அப்பல்லாம் மண்ணு இப்படி ஒரே நாளுல வெட்டுக் குடுக்கும்னு யாருக்கும் தெரியல பாருங்க."

அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். பதில் சொல்ல ஒரு குழு வேண்டியிருந்தது. அன்றைக்குப் பார்த்து யாரும் வரவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த செல்போனை மெதுவாக எடுத்து மகளுக்கு அவரே பேசினார். "வந்துடு கண்ணு" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

போனை வைத்ததும் அது மறுபடி அடித்தது. பாண்டியன். குரலில் ஒரே குதூகலம். குடை வைத்த மாடல் வந்துவிட்டதாம். கலியமூர்த்திக்கு அவனிடம் பேசத் தெம்பில்லை. போனை அப்படியே மனைவியிடம் நீட்டினார். சொர்ணாம்பாள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"வாணாம் தம்பி, குழி வெட்டியாச்சு... ஆமா, இன்னைக்குதான்... எந்த மெஷினா? பேரெல்லாம் தெரியாது தம்பி. டீசல் ஊத்த வாணாம், கமிட்டி வாணாம், கோயமுத்தூரு போவ வாணாம். வூட்டு ஆம்பளைக்குக் காலு ஒண்ணு ஒடஞ்சா போதும், ஒரே நாளுல தோண்டிப்புடுது."